ஊர் கூடும் அரங்கம்: புரூக்ளின் டான்ஸ்ஆஃப்ரிக்கா, ஒரு நிகழ்வு ஆய்வு

டான்ஸ்ஆஃப்ரிக்கா விழாவுக்கு முதல்முறை டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோவார்கள். விளக்கு அணைந்ததும் ஆட்டம் தொடங்கிவிடாது. பெரியவர்கள் நீளமான அங்கியும் தலைக்கட்டுமாக வரிசையாக நடந்து வருவார்கள். சிலர் கைத்தடியோடு, சிலர் பக்கத்தில் வருபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு. கூட்டம் எழுந்து நிற்கும். முன்னோர்களுக்கு நீர் வார்ப்பார்கள். அந்த ஆண்டு காலமானவர்களை நினைப்பார்கள். பேச்சு இருக்கும். அப்புறம் உள்ளூர்ப் பிள்ளைகள் வருவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெரிய குழுவைப் பார்க்கத்தான் பணம் கொடுத்தோம், அவர்கள் எப்போது வருவார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் எல்லா ஆண்டும் சிலர் இருப்பார்கள்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1977-இல் தொடங்கிய இந்த விழா இன்றுவரை நிற்கிறது. ஆப்பிரிக்க நடனத்துக்கென்று அமெரிக்காவில் நடக்கும் விழாக்களில் இதுதான் பெரியது என்று சொல்கிறார்கள். எப்படி இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது என்று தேடப்போனால், ஆடியவர்களின் திறமையைவிட அந்தத் தாமதம்தான் காரணமாகத் தெரிகிறது. ஆடாதவர்களுக்கு இந்த விழாவில் எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த ஆய்வில் முக்கியமாகப் பார்க்கப்போகிறேன்.

பிப்ரவரிக்கு வெளியே

அமெரிக்காவில் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒரு மாதம் உண்டு. 1926-இல் வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் அதை ஒரு வாரமாகத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃப்ரெடெரிக் டக்ளஸின் பிறந்தநாளைக் கொண்டாடுவது பிப்ரவரி 14. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். 1976-இல், அதாவது அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டில், அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அதை முழு மாதமாக அங்கீகரித்தார். ஆண்டின் மிகச் சிறிய மாதத்தைத்தானே கொடுத்தார்கள் என்ற கேலி கறுப்பின மக்களிடையே ரொம்பப் பழசு.

பள்ளிகளும் நூலகங்களும் தேவாலயங்களும் பிப்ரவரியில் நடத்தும் நடன நிகழ்ச்சிகள் ஏராளம். டான்ஸ்ஆஃப்ரிக்கா ஃபோர்டின் அங்கீகாரத்துக்கு அடுத்த ஆண்டே தொடங்கியதுதான், ஆனால் பிப்ரவரியைத் தொடவில்லை. மே மாதக் கடைசித் திங்கள் அங்கே போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். அதையொட்டிய நீண்ட வார இறுதியில்தான் விழா. வெயில் வந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது, தெருவில் கடை போடலாம். நடைமுறைக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

அந்த நினைவு நாளுக்குக் கறுப்பின வரலாற்றில் இன்னொரு வேரும் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1865 மே 1 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்கள் ஒரு குதிரைப் பந்தயத் திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அங்கே சிறைவைக்கப்பட்டு இறந்த வடபகுதிச் சிப்பாய்களின் உடல்களை முறையாக அடக்கம் செய்து, பூப்போட்டு, பாடி, ஊர்வலம் போனார்கள். அடக்கம் செய்யப்பட்டவர்கள் 257 பேர். முதல் நினைவு நாள் அதுதான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

பிப்ரவரியில் ஒரு பள்ளி நிகழ்ச்சி நடத்தும்போது 'வரலாற்றைத் தெரிந்துகொள்வோம்' என்ற தொனி தானாக வந்துவிடும். அந்தத் தொனி இங்கே இல்லை. யாருக்கும் பாடம் எடுக்கவேண்டிய அவசியமில்லாத ஒரு கூட்டம் தன் வீட்டு விசேஷத்தைப் போல நடத்துகிறது.

மேளம் இல்லாத நூறாண்டுகள்

இந்த விழாவில் மேளத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பது புரிய வேண்டுமானால் 1739-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். இருபது பேர் அளவில் தொடங்கிய கூட்டம் மேளம் கொட்டிக்கொண்டு நடக்க நடக்கப் பெருகியது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டே, 1740-இல், அந்தக் காலனி ஒரு கடுமையான சட்டம் போட்டது. அடிமைகள் கூட்டம் கூடக்கூடாது, எழுதக் கற்கக்கூடாது என்ற விதிகளோடு மேளமும் கொம்பும் வைத்திருக்கக்கூடாது என்பதும் அதில் இருந்தது. மேளத்தால் சேதி அனுப்ப முடியும் என்பது முதலாளிகளுக்குப் புரிந்துவிட்டது.

மேளம் போனதும் உடம்பே மேளமானது. தொடையிலும் மார்பிலும் கையால் தட்டித் தாளம் எழுப்பும் 'ஜூபா' வந்தது. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத் தீவுகளில் 'ரிங் ஷவுட்' வந்தது: வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் காலை இழுத்து இழுத்து நகர்வார்கள், ஒருவர் கம்பால் தரைப்பலகையைக் குத்துவார், மற்றவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். காலைக் குறுக்கே வைத்தால் அது நடனம், நடனம் பாவம். குறுக்கே வைக்காதவரை அது வழிபாடு. சட்டத்தின் கண்ணையும் சபையின் கண்ணையும் ஒருசேரத் தப்பித்த ஆட்டம்! நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கம் மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் மேளத்தோடு கூட அனுமதி இருந்த இடங்கள் அபூர்வம்.

ஆப்பிரிக்க மேளமும் ஆட்டமும் நியூயார்க் மேடைக்குத் திரும்பி வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். சியரா லியோனில் பிறந்த அசடாட்டா டஃபோரா 1934-இல் ஆப்பிரிக்கக் கதையையும் ஆட்டத்தையும் வைத்து ஒரு முழு நீள நடன நாடகம் போட்டார். கறுப்பின நடனக் கலைஞர் கேத்தரின் டனம் கரீபிய நாடான ஹெய்ட்டிக்குப் போய் ஆய்வு செய்து வந்தார். இன்னொரு நடனக் கலைஞர் பேர்ல் பிரைமஸ் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கற்று வந்தார். நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த பாபாதுண்டே ஒலாதுன்ஜியின் மேள இசைத்தட்டு 1960-இல் வெளியாகி அமெரிக்கா முழுக்க விற்றது. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் டான்ஸ்ஆஃப்ரிக்காவைத் தொடங்கிய சக் டேவிஸ்.

பாபா சக்

1937 புத்தாண்டு அன்று வட கரோலினாவின் ராலேயில் பிறந்தவர். ஆறரை அடி உயரம். கடற்படையில் இருந்தார், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் நாடகமும் நடனமும் படித்தார், நியூயார்க்குக்கு வந்து ஒலாதுன்ஜியின் குழுவில் ஆடினார். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியின் ஆப்பிரிக்க அரங்கில் ஆடியவர்களில் அவரும் ஒருவர். 1960-களின் இறுதியில் சொந்தக் குழு தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். போகும்போதெல்லாம் கூட்டத்தையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போனார். அவரை எல்லோரும் 'பாபா சக்', அதாவது 'அப்பா சக்', என்றே அழைத்தார்கள்.

அவர் வளர்ந்த காலத்துச் சினிமாவில் ஆப்பிரிக்கர் என்றால் புல் பாவாடை கட்டி ஈட்டியோடு குதிக்கிறவர். அதை மாற்ற வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் வைராக்கியம். அதற்காக அவர் தொனியை இறுக்கமாக்கிக்கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு. மேடையில் வந்து நின்றால் சிரிப்பு, கிண்டல், அதட்டல் எல்லாம் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுவார். அமைதி, அன்பு, எல்லோருக்கும் மரியாதை என்ற மூன்று சொல்லை மொத்த அரங்கையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். எழுத்தில் படிக்க இது சற்று அசட்டுத்தனமாகத்தான் தெரியும். ஆறரை அடி மனிதர் விரிந்த அங்கியில் நின்று சொல்லும்போது மறுக்க முடியாது.

1977 நியூயார்க்குக்கு மோசமான ஆண்டு. நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போய் இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜூலை 13 இரவு மின்சாரம் போய்க் கிட்டத்தட்ட மொத்த நகரமும் இருண்டது; புரூக்ளினில் கடைவீதிகள் சூறையாடப்பட்டன. மறுபக்கம், அதே ஆண்டு ஜனவரியில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஒருவரின் வம்சக் கதையான 'ரூட்ஸ்' தொடர் எட்டு இரவுகள் தொலைக்காட்சியில் ஓடி, தங்கள் முன்னோர் எங்கிருந்து பிடித்துவரப்பட்டார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு கறுப்பின வீட்டுக் கூடத்திலும் போட்டுவிட்டிருந்தது. அந்த ஆண்டில்தான் டேவிஸ் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இந்த விழாவைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தை ஊரார் சொல்வதுபோல இனி 'பேம்' என்றே சொல்கிறேன்.

தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டுக் குழு இல்லை. டேவிஸின் குழு, சார்ல்ஸ் மோரின் குழு, டினிசூலுவின் குழு, பிலடெல்ஃபியாவிலிருந்து ஆர்தர் ஹாலின் குழு, இன்டர்நேஷனல் ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் பாலே என எல்லாமே அமெரிக்காவிலேயே வளர்ந்த குழுக்கள். தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தவர்கள், ஒருவருக்கொருவர் போட்டியும் உண்டு. ஒரே மேடையில் நிறுத்தியதுதான் டேவிஸின் முதல் சாதனை. ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் குழுக்களை வரவழைப்பது பிறகு வந்தது.

ஓபரா அரங்கில் ஒரு முற்றம்

விழா நடக்கும் பெரிய அரங்கம் 1908-இல் கட்டியது. சுமார் 2,100 இருக்கை. தங்க நிற வேலைப்பாடு, மாடி மாடியாகப் பால்கனி. திறப்பு விழாவில் புகழ்பெற்ற இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிக்கோ கரூசோ பாடினார். 1920 டிசம்பரில் அதே கரூசோ தொண்டையிலிருந்து ரத்தம் வர வரக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு பாடிய மேடையும் இதுதான். ஐரோப்பிய இசை நாடகமான ஓபராவுக்காகக் கட்டிய இடம் என்பதை அதன் ஒவ்வொரு அங்குலமும் சொல்லும். ஆடுபவர் அங்கே, பார்ப்பவர் இங்கே, நடுவில் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி ஒரு வளைவு.

மேற்கு ஆப்பிரிக்கக் கிராம ஆட்டம் அப்படியில்லை. மேளக்காரர்கள் ஒருபக்கம், மற்றவர்கள் வட்டமாக; வட்டத்துக்குள் ஒருவர் குதிப்பார், நாலு சுற்று ஆடுவார், வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் போவார். பார்ப்பவர் என்று நிரந்தரமாக ஒருவர் கிடையாது. இந்த ஆட்டத்தை அந்த வளைவுக்குள் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? காட்சிப்பொருளாகிவிடும். உலகம் முழுக்க மக்கள் கலைகளை மேடையேற்றுகிறவர்கள் முட்டிக்கொள்கிற சுவர் இது. பெரும்பாலானோர் மேடை அலங்காரத்தால் இதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். பின்னணியில் குடிசை வரைந்து தொங்கவிடுவார்கள்.

டேவிஸ் கைவைத்தது கூட்டத்தின் மேல். 'அகோ!' என்று அவர் குரல் கொடுப்பார். 'அமே!' என்று இரண்டாயிரம் பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். கானாவில் ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும் முறை அது. வரலாம் என்பது பதில். முதல் தடவை பதில் மெலிசாக வரும். டேவிஸ் முகத்தைச் சுளிப்பார், காதில் கையை வைப்பார், மறுபடி 'அகோ!' என்பார். மூன்றாவது தடவை பால்கனி அதிரும். அனுமதி கேட்பது மேடை, கொடுப்பது கூட்டம். அதன்பிறகு டிக்கெட் எண்ணில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் வெறும் பார்வையாளராக இருந்துவிட முடியாது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

அடுத்தது மூத்தோர் சபை. இது ஒப்புக்கு வைத்த கௌரவப் பட்டியல் அல்ல. விழாவுக்கு முன்னால் முன்னோர் வழிபாடு நடத்துவது, வந்திருக்கும் குழுவை வரவேற்பது, பிள்ளைகளை ஆசீர்வதிப்பது என்று அவர்களுக்கு வேலை இருக்கிறது. பேம் கட்டடத்தில் நினைவு அறை என்று ஒன்றை ஒதுக்கி, காலமானவர்களின் படங்களை வைக்கிறார்கள். உள்ளே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அப்புறம் அரங்கத்துக்குப் போகலாம். ஒரு முன்னணி நவீனக் கலை நிறுவனத்துக்குள், அடுத்த மாதம் வேறு ஏதோ சோதனை நாடகம் நடக்கப்போகும் கட்டடத்தில், படையல் போட்ட அறை!

பார்வையாளர் பொறுமை இழக்கும் அந்த முதல் பகுதியில் நடப்பது இதுதான். அதைச் சுருக்கச் சொல்லும் யோசனை நிகழ்ச்சி நேர்த்தியாவதற்கு உதவலாம். ஆனால் அதை வெட்டிய மறு ஆண்டே இது ஒரு சுற்றுலாக் குழுவின் கச்சேரியாகிவிடும். அப்படிப்பட்ட கச்சேரி நியூயார்க்கில் எந்த வாரமும் கிடைக்கும்.

மேளக்காரரின் கை

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் மேற்கு ஆப்பிரிக்க நடனம் என்றால் பெரும்பாலும் கினி, மாலி, செனெகல் பகுதி மாண்டே மக்களின் ஆட்டங்கள்தான். அங்கே ஆளும் மேளம் ஜெம்பே. ஒரே மரத்துண்டைக் குடைந்து கிண்ணம்போல மேல்பாகம், குழாய்போல அடிப்பாகம், மேலே ஆட்டுத்தோல், இரும்பு வளையங்களும் முறுக்கிய கயிறும் அதை இழுத்துப் பிடிக்கும். வெறும் கையால் அடிப்பார்கள். நடுவில் உள்ளங்கை விழுந்தால் ஆழ்ந்த ஒலி, ஓரத்தில் விரல்கள் சேர்ந்து விழுந்தால் உருண்ட ஒலி, விரல் நுனி சுண்டினால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு 'பளார்'. பக்கத்தில் குச்சியால் அடிக்கும் துனுன் மேளங்கள் மூன்று: பெரியது துன்துன்பா, நடுவானது சங்பான், சின்னது கென்கெனி. பாட்டின் நடை துனுனில் இருக்கும், ஜெம்பே அதன்மேல் பேசும்.

ஆடுபவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தலைமை ஜெம்பேக்காரர் ஓடிக்கொண்டிருக்கும் தாளத்துக்குக் குறுக்கே ஒரு சொற்கட்டு அடிப்பார். இதை அமெரிக்க வகுப்புகளில் 'பிரேக்' என்கிறார்கள். அது விழுந்த அடுத்த அடியில் இருபது பேரும் அடவை மாற்றியிருக்க வேண்டும். சில நேரம் இதுவே தலைகீழாகும். ஆடுபவர் தோளைச் சற்றுத் தாழ்த்தி முடிக்கப்போவதாகக் காட்டுவார், மேளக்காரர் அதைக் கண்ணால் பிடித்து முத்தாய்ப்பு வைப்பார். தனியாட்டத்தின்போது இந்தக் கண் பேச்சைக் கவனித்தால் ஆட்டத்தின் பாதி புரிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் மேளக்காரர்கள் முன் வரிசையாக வந்து தரையையும் நெஞ்சையும் தொட்டு வணங்குவது அமெரிக்காவிலும் வழக்கமாகிவிட்டது.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இடமும் வேளையும் உண்டு. லம்பான் பாணர் குலத்தாரின் கொண்டாட்டம். துன்துன்பா என்று மேளத்தின் பெயரையே கொண்டது பலசாலிகளின் ஆட்டம். மண்டியானி இளம்பெண்களுடையது. ருவாண்டாவின் இன்டோரே போர்வீரர் ஆட்டம். தலையில் நீளமான வெளிர்நிற நார்ப்பிடரி, அதை வீசி வீசிக் குதிப்பார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸை அறைந்து ஆடியதும் ஆட்டம்தான். அங்கேயும் மேளம் கிடையாது, மறுபடியும் உடம்பே மேளம்.

பிள்ளைகளின் இடம்

பெட்ஃபோர்டு ஸ்டைவெசன்ட் என்பது புரூக்ளினின் பெரிய கறுப்பினக் குடியிருப்பு; சுருக்கமாக பெட்ஸ்டை. 1967-இல் செனட்டர் ராபர்ட் கென்னடியின் முயற்சியில் அங்கே ரெஸ்டரேஷன் என்ற சமூக மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் இளையோர் கலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்தான் ஒவ்வோர் ஆண்டும் டான்ஸ்ஆஃப்ரிக்காவில் ஆடும் இளையோர் குழு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து இது நடக்கிறது.

இவர்களைத் தனியாக ஒரு மதியம் ஆடவிட்டு, பெற்றோர்களைக் கைதட்டவிட்டு அனுப்பிவிடலாம். பல விழாக்களில் அதுதான் நடக்கும். இங்கே கண்டம் தாண்டி வந்த தொழில்முறைக் குழுவோடு அதே மேடை, அதே விளக்கு, அதே டிக்கெட். அந்த ஆண்டு எந்த நாட்டுக் குழு வருகிறதோ அந்த நாட்டு ஆட்டத்தைப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். ருவாண்டா என்றால் ருவாண்டா, ஹெய்ட்டி என்றால் ஹெய்ட்டி. வரலாறு இங்கே முட்டியிலும் இடுப்பிலும் ஏறுகிறது. ஆடுவதில் கரடுமுரடு இருக்கும்; பத்து வயதுப் பெண் ஒருத்தி பிரேக்கைத் தவறவிட்டுப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சேர்ந்துகொள்வதும் இருக்கும். அதற்குத்தான் அரங்கத்தில் பெரிய ஆரவாரம் எழும்.

தெருவில்

அரங்கத்துக்கு வெளியே சந்தை. 150-க்கும் மேற்பட்ட கடைகள். ஷியா வெண்ணெய், கூடை, மரச்சிற்பம், மணிமாலை, மேளம், ஜமைக்கா ஜெர்க் கோழி, செனெகல் சோறு, இஞ்சிச்சாறு. டிக்கெட் வாங்காதவருக்கும் விழா உண்டு என்பதற்கு இந்தச் சந்தைதான் சாட்சி. பலர் உள்ளே போவதே இல்லை.

கூட்டம் உடுத்தி வரும் துணியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணிதான் 'ஆப்பிரிக்கத் துணி' என்று இன்று உலகமே நினைக்கிறது. அதில் பேர்போன விலிஸ்கோ நிறுவனம் ஹாலந்தில் பிறந்தது, 1846-இலிருந்து அங்கே ஹெல்மண்ட் நகரில் இயங்குவது. ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்துப் போட்ட நகல், மேற்கு ஆப்பிரிக்காவில் போய் ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. சென்னைக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட கைத்தறித் துணியை நைஜீரியாவின் கலாபரி மக்கள் 'இஞ்சிரி' என்று பெயரிட்டு, நூல்களைத் தேர்ந்து அறுத்துப் புது வடிவம் கொண்டுவந்து, தங்கள் சடங்குத் துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். எது அசல் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சந்தையில் நேரான பதில் கிடைக்காது.

சந்தைக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது இந்த ஆய்வில் முக்கியமான கேள்வி. பேம் இருக்கும் ஃபோர்ட் கிரீன் 1977-இல் கறுப்பின மக்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதி. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள். பெட்ஸ்டையில் மட்டும் 2010-க்கும் 2020-க்கும் இடையே கறுப்பின மக்கள்தொகை 20,000-க்கும் மேல் குறைந்தது. வாடகை கட்ட முடியாமல் நகர எல்லைக்கும், நியூ ஜெர்சிக்கும், தென் மாநிலங்களுக்கும் போய்விட்டார்கள். ஆக, எந்தச் சமூகத்துக்காக விழா தொடங்கியதோ அது பெருமளவு அக்கம்பக்கத்தில் இல்லை. ஆனால் மே கடைசியில் திரும்பி வருகிறார்கள். பங்குனியில் கொடியேறினால் திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறோமே, அந்த மாதிரி. வீடு விற்றாகிவிட்டது, விழா இருக்கிறது.

இது மகிழ்ச்சியான செய்தி மட்டும் அல்ல. அக்கம்பக்கத்தின் மதிப்பு ஏறுவதற்குப் பேம் போன்ற கலை நிறுவனங்களும் ஒரு காரணம். ஒரு கையால் சமூகத்தைக் கூட்டும் நிறுவனம், இன்னொரு கையால் அந்த இடத்தைப் பணக்காரர்களுக்கு விருப்பமானதாக ஆக்குகிறது. விழாவை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விழாவைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை.

குறைகள்

முதல் குறை பெயரிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்கா 54 நாடு. பல ஆண்டுகளாக இங்கே மேற்கு ஆப்பிரிக்க மேளந்தான் அதிகம் ஒலித்தது. அடிமை வணிகத்தில் பிடிபட்டவர்களில் பெரும் பகுதியினர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கர்கள் என்பதால் அதற்கு நியாயமும் இருக்கிறது. பிற்பாடு ஆண்டுக்கு ஒரு நாட்டை மையமாக வைத்ததில் பார்வை விரிந்தது. 2018-இல் தென்னாப்பிரிக்காவின் சிவேலா சொங்கே குழு வந்தது. 1860-இல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கிய அதே டர்பனில் உருவான குழு. 2019-இல் ருவாண்டாவின் இன்கான்சோ ங்காரி. இனப்படுகொலை நடந்து 25 ஆண்டு ஆகியிருந்தது.

இரண்டாவது குறை கொஞ்சம் நுட்பமானது. 'பாரம்பரியம்' என்று மேடையில் வருவதில் கணிசமான பகுதி 1950-களிலும் 60-களிலும் புதிதாக விடுதலை பெற்ற அரசுகள் தங்கள் தேசியக் குழுக்களுக்காகத் தொகுத்து, சுருக்கி, வரிசை கட்டி அமைத்தது. கினியின் கெய்ட்டா ஃபோடேபா உருவாக்கிய பாலே ஆஃப்ரிக்கேன் குழு அதற்கு முன்மாதிரி. விடிய விடிய நடக்கும் ஆட்டம் எட்டு நிமிடமாகச் சுருங்கியது அங்கேதான். டான்ஸ்ஆஃப்ரிக்கா இதை மறைக்கவும் இல்லை, விவாதிக்கவும் இல்லை. விழா மலரில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது குறை, ஒரே ஆளின் தோளில் விழா நின்றது. அது எப்படித் தீர்ந்தது என்பதுதான் மற்ற விழா அமைப்பாளர்கள் படிக்கவேண்டிய பகுதி.

கைமாற்றம்

டேவிஸ் உயிரோடு இருக்கும்போதே வாரிசை அறிவித்தார். 2015-இல் அப்தெல் ஆர். சலாம் பெயர் சொல்லப்பட்டது. டேவிஸின் குழுவில் ஆடியவர். பிறகு ஹார்லெமில் ஃபோர்சஸ் ஆஃப் நேச்சர் என்ற குழுவை 1981-இல் இணைந்து தொடங்கியவர். நவீன நடனமும் ஆப்பிரிக்க ஆட்டமும் இரண்டும் தெரிந்தவர். 2017 மே 14 அன்று, 80 வயதில், டேவிஸ் வட கரோலினாவின் டர்ஹமில் காலமானார். 40-ஆவது ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

விழா நடந்தது. கினியைச் சேர்ந்த கலைஞர்களின் வூலா குழு ஆடியது. இறந்தவர்களை நினைப்பதற்கென்று ஏற்கெனவே ஒரு சடங்கும் ஓர் அறையும் ஒரு சபையும் இருந்ததால், நிறுவனரின் சாவை என்ன செய்வது என்று யாரும் குழம்ப வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்படுத்திய வரிசையிலேயே அவர் பெயரும் சேர்ந்தது.

சலாம் வந்தபின் தெரியும் மாற்றங்களில் ஒன்று, ஹிப்ஹாப் உட்பட இன்றைய ஆட்டங்களுக்குக் கிடைத்த இடம். பழைய ரசிகர்கள் சிலருக்கு இது ஒப்பவில்லை. ஹிப்ஹாப் பிறந்த 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருவில் ஒருவர் ஆட மற்றவர்கள் வட்டமாக நின்ற ஆட்டத்தை, மாண்டே கிராமத்து வட்டத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இதில் நான் சலாம் பக்கம்.

2020-இல் கொரோனா வந்து அரங்கம் மூடியது. விழா இணையத்துக்குப் போனது. 2021-இல் ஹெய்ட்டியை மையமாக வைத்து நடந்ததும் பெருமளவு திரையில்தான். கூட்டத்தை நம்பி இருந்த விழாவுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் 'அகோ' என்றால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாருக்கு 'அமே' சொல்வார்?

2022-இல் அரங்கம் திறந்தபோது வெளிநாட்டுக் குழுவை அழைக்கவில்லை. நியூயார்க்கிலேயே வளர்ந்த குழுக்களை மேடையேற்றினார்கள்: ஆசாசே யா, பம்பாரா, ஃபராஃபினா கான், ஹரம்பி, லரோக் பே நடனப்பள்ளி. விழா தொடங்கிய காலத்தில் எப்படி உள்ளூர்க் குழுக்களோடு தொடங்கியதோ அதே ஏற்பாடு. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு ஆப்பிரிக்க ஆட்டத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்த தலைமுறை ஆடியது. 2022-இல் ஆடியவர்களில் பலர் அந்தத் தலைமுறையிடம் இங்கேயே, சிறுவயதிலேயே கற்றவர்கள். 2023-இல் கானாவின் தேசிய நடனக்குழு வந்தது, 2024-இல் கேமரூன், 2025-இல் மொசாம்பிக்.

அடுத்த கைமாற்றம் இன்னும் வரவில்லை. சலாமும் 1970-களில் ஆடத் தொடங்கியவர்தான். அடுத்து வருபவர் அநேகமாக 1977-க்குப் பிறகு பிறந்தவராக, டேவிஸை மேடைக்குக் கீழே இருந்து பார்த்து வளர்ந்தவராக இருப்பார். பெட்ஸ்டை பிள்ளைகள் குழுவில் ஆடிய யாராவது ஒருவர் அந்த இடத்துக்கு வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.